அறிமுகம் ஒரு நாள், பழக்கம் பல நாள்

நாகலாபுரம் வேதநாராயண சுவாமி கோயிலில் ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் சூரிய பூஜை நடைபெறுகிறது. மாலைக் கதிர் முதல் நாள் பெருமாளின் பாதத்தைத் தொடுகிறது. இரண்டாம் நாள் நாபியை. மூன்றாம் நாள் சிரசை. முதல் நாளோடு கதிர் நின்றுவிட்டால் வழிபாடு பாதத்தோடு முடிந்துவிடும்.

தொழில் வட்டாரத்தில் நம்மவர்கள் செய்துகொள்ளும் அறிமுகங்கள் பலவும் இப்படிப் பாதத்தோடு முடிந்துவிடுகின்றன. வியாபாரிகள் சங்கக் கூட்டம், பொருட்காட்சி என்று போகிறோம். கைகுலுக்குகிறோம், விசிட்டிங் கார்டு வாங்குகிறோம். அது சட்டைப் பையிலேயே கிடந்து சலவைக்குப் போகிறது. நான்கு மாதம் கழித்துத் தேவை வரும்போது கார்டும் இல்லை, முகமும் நினைவில்லை.

சொந்த ஊரில் இருப்பவனுக்கு இது பெரிய நஷ்டமல்ல. மாமன் மச்சான் இருக்கிறார்கள். பிழைப்புத் தேடி வெளி மாநிலம் வந்தவனுக்கு அறிமுகமே முதல். நகரி, புத்தூர் பக்கத்து விசைத்தறிக்காரருக்கு ஒரு புதிய ஆர்டரோ, 2008இல் தொடங்கிய ஸ்ரீசிட்டி தொழிற்சாலைகளில் ஒரு குமாஸ்தாவின் மகனுக்கு வேலையோ, பெரும்பாலும் யாரோ ஒருவர் சொல்லித்தான் தெரியவருகிறது.

யார் அந்த ஒருவர்?

அமெரிக்க சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் வெளியிட்ட கட்டுரையில் இதற்கு விடை இருக்கிறது. பாஸ்டன் நகரை அடுத்த பகுதியில், தெரிந்தவர் மூலம் புது வேலை பெற்றவர்களிடம் அவர் விசாரித்தார். தகவல் சொன்னவரை அடிக்கடி சந்திப்பதாகச் சொன்னவர்கள் 100க்கு 17 பேர்தான். எப்போதாவது சந்திப்பதாக 56 பேரும், அரிதாகவே சந்திப்பதாக 28 பேரும் சொன்னார்கள். காரணம் எளிது. நெருங்கிய நண்பனுக்குத் தெரிந்ததெல்லாம் நமக்கும் தெரியும். அதிகம் பழகாதவர்தான் நமக்குத் தெரியாத செய்தியைக் கொண்டுவருகிறார்.

திருப்பூரில் நடந்தது

1978இல் வெரோனா என்ற இத்தாலிய இறக்குமதியாளர், பம்பாய் ஏற்றுமதியாளர்கள் வழியாகத் திருப்பூருக்கு வந்தார். அவர் வாங்க வந்தது வெறும் வெள்ளை டி-சட்டை. அந்தத் தொடர்பு அறுந்துபோகவில்லை. அவர் வழியாக ஐரோப்பிய வியாபாரம் வந்தது. 1981இல் சி அண்ட் ஏ என்ற பெரிய கடை நிறுவனமும் திருப்பூரைத் தேடி வந்தது. இன்று அவ்வூரின் பின்னலாடை ஏற்றுமதி ஆண்டுக்குப் பல ஆயிரம் கோடி ரூபாய் அளவில் இருக்கிறது. இதற்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் சரக்கைச் சொன்னபடி அனுப்பி, முதல் அறிமுகத்தைக் காப்பாற்றிக்கொண்டது அவற்றில் ஒன்று.

மூன்று நாள் வேலை

கூட்டம் முடிந்த அன்று இரவே கார்டின் பின்புறம் மூன்று செய்திகளைக் குறித்துக்கொள்ள வேண்டும்: எங்கே சந்தித்தோம், என்ன பேசினோம், எதைத் தருவதாகச் சொன்னோம். இரண்டு நாளைக்குள் ஒரு சிறு செய்தி போக வேண்டும். கடிதமோ வாட்ஸ்அப்போ, எதுவானாலும் சரி. அவர் தெலுங்கர் என்றால் இரண்டு வரி தெலுங்கில் எழுதலாம். பிழை இருந்தாலும் மனம் குளிரும். இந்த முதல் செய்தியில் எதையும் கேட்கக் கூடாது.

அடுத்தது, சொன்ன வாக்கைக் காப்பாற்றுவது. துணி மாதிரியோ, விலைப்பட்டியலோ, இன்னொருவர் முகவரியோ, தருவதாகச் சொன்னது ஒரு வாரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். நூறு புன்சிரிப்பு செய்யாததை இது செய்யும்.

மூன்றாவது, காரியம் இல்லாதபோதும் விசாரிப்பது. உகாதிக்கு ஒரு வாழ்த்து போதும். காரியம் வரும்போது மட்டும் கதவைத் தட்டுபவனைக் கண்டால் எவருக்கும் அலுப்புத்தான்.

பதில் வரவில்லையென்றால் மனம் கசக்க வேண்டாம். சித்தூர்ப் பக்கத்து மாங்கூழ் ஆலைக்காரருக்கு ஜூன், ஜூலையில் மூச்சுவிட நேரம் இருக்காது. சீசன் முடிந்தபின் ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் விட்டுவிடலாம், துரத்துவது மரியாதையல்ல.

இதற்கெல்லாம் பெரிய செலவில்லை. முதலாளியாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. சட்டைப் பையில் கிடக்கும் கார்டை இன்றிரவு வெளியே எடுத்துப் பார்த்தால் போதும்.