எஞ்சின் ஒயில்: எதை வாங்குவது, எப்போது மாற்றுவது?

ஊரை விட்டு வெளிக்கிடும் குடும்பம் எல்லாவற்றையும் கொண்டுபோக முடியாது. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமம் மக்கள் தென்மராட்சியை நோக்கி இடம்பெயர்ந்தபோதும், 2008 - 2009 இல் வன்னி மக்கள் இடத்துக்கு இடம் ஓடியபோதும், லாண்ட்மாஸ்ரரும் உழவு இயந்திரமும்தான் பல குடும்பங்களின் சுமையை இழுத்தன. காணியும் கிணறும் பின்னால் நின்றுவிட்டன. கையோடு வந்த இயந்திரமே விவசாயி என்ற பெயருக்கு மிஞ்சிய அடையாளமாயிற்று.

அவ்வாறு வந்தவர்களில் பலர் ஜிந்துப்பிட்டி, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தைப் பகுதிகளில் வாடகை அறைகளிலும் லொட்ஜ்களிலும் தங்கினர். சிலர் அங்கேயே நிலைத்துவிட்டனர். இன்று, விடுவிக்கப்பட்ட காணிகளைத் துப்புரவாக்கி மீண்டும் வெங்காயமோ புகையிலையோ வைக்க எண்ணுவோர் முதலில் தேடுவது ஒரு வோட்டர் பம்பைத்தான். ஜிந்துப்பிட்டியிலிருந்து பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகள் அதிக தூரமில்லை. பழைய பம்பைத் திருத்தியோ புதியதொன்றை வாங்கியோ ஊருக்கு அனுப்பலாம். ஆனால் அந்தப் பம்பு இரண்டு போகம் உழைக்குமா, பத்து வருடம் உழைக்குமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அதற்குள் ஊற்றும் ஒயில்தான்.

ஒயில் செய்யும் வேலை

ஒயில் உராய்வைக் குறைக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அது வேறு நான்கு வேலைகளையும் செய்கிறது. பிஸ்டனிலிருந்து சூட்டை எடுத்துச் செல்கிறது. கரியையும் இரும்புத் துகளையும் கழுவித் தன்னுள் வைத்துக்கொள்கிறது. பிஸ்டன் வளையத்துக்கும் சிலிண்டருக்கும் இடையிலுள்ள நுண்ணிய இடைவெளியை அடைக்கிறது. உள்ளே துரு ஏறாமல் காக்கிறது. இவ்வளவையும் செய்யும்போது ஒயில் தானே தேய்ந்து போகிறது. ஆகவேதான் அதை மாற்ற வேண்டியுள்ளது. அளவு குறையும்போது மேலே ஊற்றி நிரப்பிக்கொண்டே போவது மாற்றியதாக ஆகாது. அழுக்கு உள்ளேதான் இருக்கும்.

மண்ணெண்ணெய் தந்த பாடம்

1990 இல் போர் மீண்டும் தொடங்கியபின் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல், டீசல், பற்றறி, சீமெந்து, யூரியா போன்றவை தடுக்கப்பட்டன. 2002 ஜனவரியில்தான் பெரும்பாலான பொருட்கள் மீதான தடை நீங்கியது. அக்காலத்தில் சில துளி பெற்றோலை விட்டு ஸ்ராட் செய்து, பின்னர் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியதை எம் மக்கள் மறக்கமாட்டார்கள். அது எம்மவரின் கெட்டித்தனம். ஆனால் அதற்கு எஞ்சின் கொடுத்த விலையையும் அறிந்திருப்பது நல்லது.

மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல் இலகுவில் ஆவியாகாது. எஞ்சின் குளிராக இருக்கும்போது ஒரு பகுதி எரியாமல் துளிகளாகவே சிலிண்டர்ச் சுவரில் படிகிறது. அது அங்குள்ள ஒயிற் படலத்தைக் கழுவிக்கொண்டு வளையங்களின் வழியே கீழே இறங்கி ஒயிலுடன் கலக்கிறது. இதனால் ஒயிலின் அளவு குறைவதற்குப் பதிலாகக் கூடும். “ஒயில் குறையவே இல்லை, நல்ல எஞ்சின்” என்று நாம் மகிழ்ந்திருப்போம். உள்ளேயோ ஒயில் தண்ணீராகி, பெயரிங்குகள் தேய்ந்துகொண்டிருக்கும்.

எனவே மண்ணெண்ணெய்ப் பம்பு வைத்திருப்போர் மூன்றைக் கவனிக்க வேண்டும். பெற்றோலில் ஸ்ராட் செய்து, எஞ்சின் நன்றாகச் சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றுங்கள். நிறுத்துவதற்குச் சற்று முன் மீண்டும் பெற்றோலுக்கு மாற்றுங்கள். ஒயில் அளவுகோலை இழுத்து மணந்து பாருங்கள். மண்ணெண்ணெய் மணம் வந்தாலோ, அளவு மேற்கோட்டைத் தாண்டினாலோ, மணிக்கணக்குப் பாராமல் அன்றே மாற்றிவிடுங்கள்.

தேங்காய் எண்ணெயும் ஆமணக்கெண்ணெயும் ஊற்றலாமே என்று கேட்போரும் உண்டு. ஆமணக்கெண்ணெய் ஒருகாலத்தில் உண்மையிலேயே எஞ்சின் எண்ணெயாக இருந்தது. ‘காஸ்ரோல்’ என்ற பெயரே ஆமணக்கெண்ணெயின் ஆங்கிலப் பெயரிலிருந்து பிறந்ததாகும். ஆயினும் தாவர எண்ணெய்கள் சூட்டில் காற்றுப்பட்டுத் தடித்துப் பிசினாகி வளையங்களை ஒட்டவைத்துவிடும். நாளாந்தம் தண்ணீர் இறைக்கும் எஞ்சினுக்கு அவை உகந்தவையல்ல.

தகரத்தில் இருப்பதை வாசிப்போம்

இலங்கையில் முன்னர் எண்ணெய்க் கூட்டுத்தாபனத்தின் ஒயிலே பெரும்பாலும் கிடைத்தது. அதன் ஒயில் பிரிவு தனிக் கம்பனியாக்கப்பட்டு, 1994 இல் 51 சதவீதப் பங்கு கால்டெக்ஸ் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. பின்னர் வேறு பல நிறுவனங்களும் சந்தைக்கு வந்தன. இன்று கடைத் தட்டில் பல நிறத் தகரங்கள் நிற்கின்றன. நிறத்தையும் விளம்பரத்தையும் விட்டு இரண்டு குறிகளை மட்டும் பாருங்கள்.

முதலாவது குறி எஸ்.ஏ.இ. என்பது. இது தடிப்பின் அளவு. எஸ்.ஏ.இ. 30 என்றால் ஒரே எண் கொண்ட ஒயில். 10டபிள்யூ-30, 15டபிள்யூ-40, 20டபிள்யூ-50 என்றால் டபிள்யூ எழுத்துக்கு முன்னுள்ள எண் குளிரில் எவ்வாறு ஓடும் என்பதையும், பின்னுள்ள எண் எஞ்சின் சூடான பின் எவ்வளவு தடிப்பாக நிற்கும் என்பதையும் சொல்கிறது. எமது வெப்பத்தில் சிறிய நான்கு ஸ்ரோக் பெற்றோல், மண்ணெண்ணெய்ப் பம்புகளுக்கு எஸ்.ஏ.இ. 30 பொதுவாகப் பொருந்தும். டீசல் எஞ்சின்களுக்கு 15டபிள்யூ-40 பரவலாகப் பாவிக்கப்படுகிறது. தடிப்புக் கூடினால் பாதுகாப்பும் கூடும் என்று நினைப்பது தவறு. அளவுக்கு மிஞ்சித் தடித்த ஒயில், ஸ்ராட் செய்தவுடன் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேராது.

இரண்டாவது குறி ஏ.பி.ஐ. என்பது. இது தரத்தின் அளவு. எஸ் என்ற எழுத்தில் தொடங்கினால் பெற்றோல் எஞ்சினுக்கு. சி என்ற எழுத்தில் தொடங்கினால் டீசல் எஞ்சினுக்கு. இரண்டாவது எழுத்து ஆங்கில அரிச்சுவடியில் எவ்வளவு பின்னுக்கு இருக்கிறதோ, அவ்வளவு புதிய தரம். எஸ்.ஏ., எஸ்.பி. என்பவை மிகப் பழைய காலத்தவை. இங்கே ‘பி’ என்பது ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்து. 2020 இல் வந்த புதிய தரத்திலுள்ள ‘பி’ பதினாறாம் எழுத்து. தமிழில் இரண்டும் ஒன்றாகவே ஒலிப்பதால் தகரத்தில் உள்ள எழுத்தைக் கண்ணாற் பார்த்தே வாங்குங்கள்.

இரண்டு ஸ்ரோக் எஞ்சின் வேறு விடயம். சில விசிறு கருவிகளிலும் புல்வெட்டிகளிலும் ஒயிலைப் பெற்றோலுடனேயே கலக்க வேண்டும். 50 க்கு 1 என்றால் ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 20 மில்லிலீற்றர். 25 க்கு 1 என்றால் 40 மில்லிலீற்றர். அந்த ஒயிலைப் பம்பின் வயிற்றில் ஊற்றக்கூடாது.

கடைக்குப் போகும்போது, “தம்பி, பம்புக்கு ஒரு ஒயில் தாங்கோ” என்று மட்டும் கேட்காதீர்கள். எஞ்சினின் பெயர், எண், எரிபொருள், எத்தனை ஸ்ரோக் என்பவற்றைத் துண்டில் எழுதிக்கொண்டு போங்கள். முத்திரை உடையாத தகரமாகவே வாங்குங்கள். பழைய ஒயிலை வடித்து நிறமேற்றி விற்பவர்களும் உண்டு. திறந்த பரலிலிருந்து அளந்து தருவது மலிவாக இருந்தாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று எவருக்கும் தெரியாது.

எத்தனை மணிக்கு ஒருமுறை?

எஞ்சினோடு வந்த கைநூல் சொல்வதே முதற் சட்டம். கைநூல் தொலைந்திருந்தால் பின்வரும் வழக்கத்தைக் கைக்கொள்ளலாம். புதிய எஞ்சினிலோ, வளையம் மாற்றிய எஞ்சினிலோ முதல் 20 மணி ஓடியதும் மாற்றுங்கள். அப்போது உதிரும் இரும்புத் துகள் அதிகம். பின்னர் பெற்றோலில் ஓடும் சிறிய பம்புக்கு 100 மணிக்கு ஒருமுறை. மண்ணெண்ணெயில் ஓடுவதற்கு, மேற்சொன்ன காரணத்தால், 50 மணிக்கு ஒருமுறை. குறைவாக ஓடினாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை.

ஒருநாள் விட்டு ஒருநாள் மூன்று மணி நேரம் இறைப்பவருக்கு 50 மணி என்பது ஏறக்குறைய ஐந்து கிழமை. இதை ஞாபகத்தில் வைத்திருக்க எவராலும் முடியாது. பம்பு வைக்கும் கொட்டிலின் கதவில் ஒரு கொப்பியைத் தொங்கவிட்டு, இறைத்த மணியை எழுதுங்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளையிடம் கூட்டும் வேலையைக் கொடுக்கலாம்.

செலவையும் பார்ப்போம். சிறிய பம்பு ஒன்றுக்கு ஏறக்குறைய 600 மில்லிலீற்றர் ஒயில் போகும். நான்கு லீற்றர்த் தகரம் ஆறு தடவைக்குப் போதும். 50 மணிக்கு ஒருமுறை மாற்றினால் ஒரு மணி இறைப்புக்கு 12 மில்லிலீற்றர். 100 மணிக்கு ஒருமுறை மாற்றினால் 6 மில்லிலீற்றர். நாம் கூடுதலாகச் செலவழிப்பது மணிக்கு ஒரு தேக்கரண்டி ஒயிலும் சொச்சமும்தான். 2022 ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏற்றப்பட்டபோது, வேறெதிலாவது மிச்சம் பிடிக்க வேண்டும் என்று எண்ணாத விவசாயி இல்லை. ஆனால் ஒயிலில் பிடிக்கும் மிச்சம் மிச்சமல்ல. காய் பிடிக்கும் நேரத்தில் பம்பு இறுகினால் ஒரு போகமே போய்விடும்.

நிறத்தை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். டீசல் எஞ்சினில் நல்ல ஒயிலும் விரைவிற் கறுக்கும். கரியை அது தாங்கி நிற்கிறது என்பதே பொருள். ஆனால் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது; உடனே மாற்றிக் காரணத்தைத் தேட வேண்டும்.

வருடக்கணக்காக அறை மூலையில் படுத்துக் கிடந்த எஞ்சினை அப்படியே இழுத்து ஸ்ராட் செய்வது ஆபத்து. பழைய ஒயிலில் ஈரமும் அமிலமும் சேர்ந்திருக்கும். முதலில் அதை வடித்துப் புதியதை ஊற்றி, கயிற்றைச் சில தடவை மெதுவாக இழுத்து, பிறகு ஸ்ராட் செய்யுங்கள். அதேபோல், நீண்டகாலம் நிறுத்தி வைக்கப் போகிறீர்கள் என்றால் மாற்றிவிட்டே நிறுத்துங்கள்.

மாற்றும் முறை

எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். சூடான ஒயில் அழுக்கோடு சேர்ந்து வடியும். கையைச் சுட்டுக்கொள்ளாமல் கவனம். அடிப் பூட்டைக் கழற்றி முழுவதும் வடிய விடுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவ வேண்டாம். கழுவியதில் கொஞ்சம் தங்கிப் புதிய ஒயிலையும் கெடுக்கும். பூட்டை இறுக்கி, எஞ்சினைச் சமதரையில் வைத்து, மேற்கோடு மட்டும் ஊற்றுங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

பழைய ஒயிலும் எங்கள் கிணறும்

வடித்த ஒயிலை எங்கே ஊற்றுவது? நிச்சயமாகக் கிணற்றடியில் அல்ல. யாழ்ப்பாணத்தின் நிலம் சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றுவது வெடிப்புகளினூடாக நிலத்தடி நீருக்குப் போய்விடும். சுன்னாகம் மின் நிலையத்தின் கழிவு எண்ணெயால் அயலிலுள்ள கிணறுகள் மாசடைந்த வழக்கில், 2019 ஏப்ரல் மாதத்தில் உயர் நீதிமன்றம் அங்கு மின்சாரம் உற்பத்தி செய்த தனியார் நிறுவனம் 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. ஆனால் நட்டஈட்டால் கிணறு பழைய கிணறாகிவிடாது. ஒரு பம்பின் ஒயில் சிறிதுதான். கிராமத்திலுள்ள பம்புகள் எல்லாவற்றினதும் ஒயில் சிறிதல்ல.

பழைய ஒயிலை மூடியுள்ள கானில் சேர்த்து, வாகன சேவிஸ் நிலையத்தில் ஒப்படையுங்கள். மாட்டுப் புண்ணுக்குப் பூசும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். பாவித்த ஒயில் மனிதர் தோலுக்கும் புற்றுநோய் தரவல்லது. கையில் பட்டால் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

ஊருக்குத் திரும்பும் குடும்பத்துக்குத் தேவை பம்பும் தண்ணீரும். நேரத்துக்கு மாற்றும் ஒயில் பம்பைக் காக்கும். ஒழுங்காக அகற்றும் ஒயில் தண்ணீரைக் காக்கும். இந்த வாரமே உங்கள் பம்பின் அளவுகோலை இழுத்துப் பாருங்கள். இன்றைய திகதியை அந்தக் கொப்பியின் முதற் பக்கத்தில் எழுதுங்கள்.