பச்சை டிக் வந்தால் போதுமா? கல்லாவுக்கு வந்த திரைகள் பற்றிச் சில அனுபவங்கள்



பென்னாகரத்தில் நாற்பது ஆண்டுகளாகப் புளி, கேழ்வரகு, சாமை, நிலக்கடலை மொத்த வியாபாரம் செய்து வருகிறேன். பள்ளிப் படிப்போடு நிறுத்திக்கொண்டு கடைக்கு வந்தவன். செல்போன் திரை, கம்ப்யூட்டர் திரை பற்றி இவன் என்ன எழுதப் போகிறான் என்று சிலர் நினைக்கக்கூடும். ஆனால் திரையில் தவறு நேர்ந்தால் பணம் போவது நம் கல்லாவிலிருந்துதான். அதனால் நாமும் இதைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

முதலில் என் சொந்த நஷ்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 2022 பங்குனி மாதம், புளி வரத்து மும்முரமாக இருந்த நேரம். வெளியூரிலிருந்து ஒருவர் போனில் பேசினார். பத்து மூட்டை புளி வேண்டும், முன்பணம் இப்போதே அனுப்புகிறேன் என்றார். பேச்சில் குறை சொல்ல ஒன்றுமில்லை. விலைகூடப் பேரம் பேசினார். சற்று நேரத்தில் போனில் ஒரு செய்தி வந்தது. அதில் தொகை இருந்தது, அவர் பெயர் இருந்தது, கீழே இரகசிய எண் போடும் கட்டம் இருந்தது. "எண்ணைப் போடுங்க ஐயா, பணம் ஏறிடும்" என்றார். போட்டேன். ஏறவில்லை, இறங்கிவிட்டது.

வெட்கத்தால் இரண்டு நாள் மகனிடம்கூடச் சொல்லவில்லை. அதற்குள் பணம் எங்கெங்கோ போய்விட்டது. (1930 என்ற எண்ணுக்கு உடனே பேசினால் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு உண்டு. எனக்கு நேர்ந்ததுபோல் வெட்கப்பட்டு நேரத்தை விடாதீர்கள்.)

என் முட்டாள்தனம் என்றே வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. நம் பேரேட்டில் வரவு ஒரு பக்கம், பற்று மறுபக்கம். எழுதப்படிக்கத் தடுமாறுகிற கிழவர்கூட இரண்டையும் குழப்பமாட்டார், இடமே சொல்லிவிடும். அந்தப் போன் திரையிலோ, நான் ஒருவருக்குப் பணம் கொடுத்தாலும் அதே கட்டம், ஒருவர் என்னிடம் பணம் கேட்டு அனுப்பினாலும் அதே கட்டம், அதே இரகசிய எண். இப்படி ஏமாந்தவர்கள் நாடு முழுவதும் இருந்தார்கள். கடைசியில் தேசியப் பணப் பரிவர்த்தனைக் கழகம், தனி நபர் இன்னொரு தனி நபரிடம் பணம் கேட்டு அனுப்பும் அந்த வழியையே 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டது. மக்களுக்கு எத்தனை விழிப்புணர்வு விளம்பரம் செய்தும் தீராத வழியை எடுத்துவிட்டார்கள். பணம் வாங்க இரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை என்பதைச் சிப்பந்திகளுக்கு இன்றும் சொல்லி வையுங்கள்.

திரையில் பழகுவோர் செய்யும் தவறுக்குப் பெரும்பாலும் அதை வடிவமைத்தவரே பொறுப்பு என்பது புதுக் கருத்தல்ல. அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் நார்மன் 1988-லேயே இதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். கதவைத் தள்ளுவதா இழுப்பதா என்று ஒருவர் திணறினால் குற்றம் கதவின்மேல்தான் என்பது அவர் கட்சி. வங்கி ஏ.டி.எம்.மைப் பாருங்கள். பல இயந்திரங்களில் அட்டையை முதலில் எடுத்தால்தான் பணம் வெளியே வரும். பணம் கைக்கு வந்ததும் மனிதன் அட்டையை மறந்து நடந்துவிடுவான் என்று தெரிந்தே அந்த வரிசையை வைத்திருக்கிறார்கள். நம் மின்னணுத் தராசில் வாங்குபவர் பக்கமும் ஓர் எண்பலகை இருப்பதால் எத்தனை சண்டை குறைந்தது என்று பழைய தராசில் நின்றவர்களைக் கேட்டால் தெரியும்.

இனி பச்சை டிக்குக்கு வருவோம். யூ.பி.ஐ. 2016-ல் வந்தது. அந்த ஆண்டு நவம்பர் 8-ஆம் தேதி பெரிய நோட்டுகள் செல்லாது என்றானதும், டிசம்பர் 30-ஆம் தேதி பீம் செயலி வெளியானதும் எல்லோருக்கும் நினைவிருக்கும். பிறகுதான் நம் கடைகளில் கறுப்புக் கட்டம் போட்ட அட்டைகள் தொங்க ஆரம்பித்தன. அந்தக் கட்டமே நல்ல வடிவமைப்புக்கு ஒரு சாட்சி. 1994-ல் ஜப்பானில் டென்சோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹரா என்பவரும் அவர் கூட்டாளிகளும், கார் உதிரி பாகங்களைக் கணக்கு வைக்க உருவாக்கியது அது. தொழிற்சாலையில் எண்ணெயும் அழுக்கும் படும் என்பதை முன்பே யோசித்திருக்கிறார்கள். ஒரு பகுதி அழிந்தாலும் மீதியை வைத்துப் படித்துவிடும், மிக உயர்ந்த வகையில் சுமார் 30 சதவீதம் வரை கெட்டாலும் பாதகமில்லை. மூன்று மூலைகளில் உள்ள சதுரங்களால் தலைகீழாகக் காட்டினாலும் போனுக்குப் புரியும். மஞ்சள்தூள் கையும் கடலை எண்ணெயும் பட்ட அட்டை நம் கடையில் இரண்டு வருஷம் வேலை செய்வதன் இரகசியம் இதுதான்.

ஆனால் வாடிக்கையாளர் தன் போனை நீட்டி, "பாருங்கண்ணா, போயிடுச்சு" என்று காட்டுகிற பச்சை டிக்கை நம்பிச் சரக்கு கொடுப்பது வேறு விஷயம். அதே நிறம், அதே எழுத்து, அதே மணி ஓசையோடு போலிச் செயலிகள் உலவுகின்றன. சந்தை நாளில், பஸ் ஹாரன் சத்தத்தில், பத்துப் பேர் கை நீட்டும்போது எந்தச் சிப்பந்தி உற்றுப் பார்ப்பான்? இதற்கு விடையாக வந்ததுதான் பேசும் பெட்டி. அதற்குள் தனி சிம் இருக்கிறது. வாடிக்கையாளரின் போனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பணம் வந்த செய்தி நிறுவனத்திடமிருந்து நேரே பெட்டிக்கு வருகிறது, தமிழில் தொகையைச் சொல்கிறது. கைவேலையாக இருப்பவன் கண்ணை எடுக்க வேண்டியதில்லை, காது போதும். கடைக்காரன் எப்படி நிற்கிறான், கை எதில் இருக்கிறது என்று யாரோ வந்து பார்த்திருக்க வேண்டும்.

அதிலும் குறை உண்டு. இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஐம்பது ரூபாய் அனுப்பினால், வந்தது யாருடையது என்று பெட்டி சொல்லாது. மலைப்பக்கக் கடைகளில் சிக்னல் இல்லாவிட்டால் ஊமையாகிவிடும். காலையில் கடை திறந்ததும் அட்டைமேல் வேறு அட்டை ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்று: 2025 ஜூன் 30 முதல், தனி நபர் கணக்குக்கும் சிறு வணிகர் கணக்குக்கும் பணம் அனுப்புகிறவர் திரையில் வங்கியில் பதிவான பெயர்தான் காட்டப்பட வேண்டும் என்பது விதி. கடைப் பெயர் ஒன்று, கணக்கு மனைவி பெயரில் என்று வைத்திருப்பவர்கள் அட்டைக்குக் கீழே அந்தப் பெயரையும் எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் வாடிக்கையாளர் தயங்கி நிற்பார்.

பில் போடும் மென்பொருள் கதை தனி. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு நிறுவனத்தார் வந்து எங்கள் கடைக்கு ஒன்றைப் போட்டுக் கொடுத்தார்கள். சரக்குப் பெயரெல்லாம் ஆங்கில எழுத்தில். உளுந்தை ஒருவர் ஒரு விதமாக அடிப்பார், இன்னொருவர் வேறு விதமாக அடிப்பார். கம்ப்யூட்டருக்கு அது இரண்டு சரக்கு! கிடங்கில் பதினாறு மூட்டை இருக்க, திரையில் ஒன்றில் இருபது, மற்றதில் மைனஸ் நான்கு. பதிவு செய்யும் பொத்தானும் அழிக்கும் பொத்தானும் ஒரே நிறத்தில் அடுத்தடுத்து இருந்தன. ஒரு நாள் பாதிச் சிட்டைகள் காணாமல் போயின. கணக்கெழுதும் பெண் அழுதேவிட்டாள். போன் செய்தால், "உங்க ஆளுக்குப் பயிற்சி பத்தலை சார்" என்று பதில்.

பிறகு உறவுக்காரப் பையன் ஒருவன், இந்தத் தொழிலில் பெங்களூரில் இருப்பவன், விடுமுறையில் வந்தான். கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை. இரண்டு சந்தை நாள் கடையில் ஒரு ஓரமாக உட்கார்ந்து நோட்டில் குறித்துக்கொண்டே இருந்தான். "என்னடா தம்பி, வேலையை எப்ப ஆரம்பிப்ப?" என்றேன். "இதுதான் மாமா வேலை" என்றான். மூன்றாம் நாள் பென்சிலால் தாளில் கட்டம் கட்டமாக வரைந்து, கணக்கெழுதும் பெண்ணிடம் கொடுத்து, இது திரை என்று நினைத்து விரலால் தொடு அக்கா என்றான். அவள் எங்கே தயங்கினாளோ அங்கே அழித்து வரைந்தான். மூட்டை தூக்குகிறவர் உட்பட எங்கள் கடையில் ஐந்து பேரிடம் காட்டினான். ஐந்து பேரைக் கவனித்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்று ஜேக்கப் நீல்சன் என்ற நிபுணர் 2000-ல் எழுதியிருக்கிறாராம்.

இப்போது திரையில் அதிகம் போகும் முப்பது சரக்குகள் தமிழில் பெரிய கட்டங்களாக இருக்கின்றன. அகர வரிசையில் இல்லை. கிடங்கில் மூட்டை அடுக்கியிருக்கும் வரிசையில்! வாசலை ஒட்டிப் புளி, அடுத்துக் கேழ்வரகு, கடைசியில் எள். எங்கள் ஆட்களின் கை பழகிய வரிசை அது. அழிக்கும் பொத்தான் தூரத்து மூலைக்குப் போய்விட்டது. அழித்ததும் சிட்டை மறைவதில்லை, கோடு போட்டு அன்று மாலை வரை இருக்கும். தப்பென்றால் மீட்டுக்கொள்ளலாம். பேரேட்டில் நாம் அடித்து எழுதுவது போலத்தான்.

எழுத்து இன்னும் என் கண்ணுக்குச் சிறியதாகவே இருக்கிறது. அதைச் சொல்லியிருக்கிறேன், பொங்கலுக்கு வரும்போது பார்க்கிறேன் என்றான். விருப்பமுள்ள சங்க அன்பர்கள் எங்கள் கடைக்கு வந்து திரையைத் தொட்டுப் பார்க்கலாம். சந்தை நாள் மட்டும் வேண்டாம், அன்று வந்தால் உங்களையும் தராசில் நிற்க வைத்துவிடுவேன்.