உப்புக்காற்றில் மைய ஏ.சி.: முன்பணம் கொடுப்பதற்கு முன்

பெரிய வீட்டின் மைய ஏ.சி. என்பது மொட்டை மாடியில் ஒன்றோ இரண்டோ வெளி யூனிட், ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஓடும் டக்ட் அல்லது செப்புக் குழாய்கள், அதற்கென்று மும்முனை மின்சாரம் என எல்லாம் சேர்ந்த ஒரு கட்டமைப்பு. ஒருமுறை பொருத்திவிட்டால் சீலிங்கை உடைக்காமல் மாற்ற முடியாது. திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில் கடலும் உவர்நீர் ஏரியும் சூழ்ந்த பழவேற்காட்டுப் பகுதியில், தோணிரேவு போன்ற ஊர்களில், அம்பத்தூருக்கும் தாம்பரத்துக்கும் போடும் கணக்கு செல்லாது. இங்கே எந்திரத்தைத் தீர்மானிப்பது உப்பு. பணத்தைக் காப்பாற்றுவது எழுத்தில் வாங்கிய தாள். இந்த இரண்டையும்தான் வாங்குவோர் கடைசியில் கவனிக்கிறார்கள்.

முதல் கேள்வி, மைய ஏ.சி. தேவையா என்பதே. பகலில் இருவரும் இரவில் நால்வரும் மட்டும் புழங்கும் வீட்டுக்குத் தேவையில்லை. அறைக்கு ஒரு இன்வெர்ட்டர் ஸ்பிளிட் போதும். எல்லா அறைகளும் ஒரே நேரத்தில் பயன்படும் கூட்டுக் குடும்ப வீட்டுக்கே அது பொருந்தும். அதிலும் ஒரு தளத்துக்கு ஒரு டக்ட் எந்திரம் என்பது எளிய வகை. ஒரு வெளி யூனிட்டிலிருந்து பல அறைகளுக்குத் தனித்தனியாகக் குளிர் அனுப்பும் வி.ஆர்.எஃப். விலை கூடியது. ஆனால் ஆளில்லாத அறையை அணைத்துவைக்கலாம். எதை எடுத்தாலும் வீடு முழுவதையும் ஒரே வெளி யூனிட்டில் தொங்கவிடக் கூடாது. உப்பு ஒரு யூனிட்டை முடக்கினால் மற்றது பாதி வீட்டையாவது காக்கும்.

டன் கணக்கில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். ஒரு டன் என்பது 3.517 கிலோவாட் குளிர்விப்புத் திறன். இத்தனை சதுர அடிக்கு ஒரு டன் என்று வாய்க்கணக்கு போட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் இரண்டு டன் கூட்டுவது விற்பவருக்கு லாபம், வாங்குபவருக்குக் கேடு. தேவைக்கு மேல் பெரிய எந்திரம் சில நிமிடங்களில் அறையைக் குளிர்வித்துவிட்டு நின்றுவிடும். காற்றிலுள்ள ஈரத்தை இழுக்க அதற்கு நேரமே கிடைக்காது. ஏரிக்கரையில் வெப்பத்தைவிட ஈரம்தான் பெரிய தொல்லை. சில்லென்ற, ஆனால் நசநசத்த அறை, மெத்தையில் பூஞ்சை, சீலிங்கில் கறை என்பதே முடிவு. ஆகவே சுவர், சன்னல், கூரை, ஆட்கள், ஈரப்பதம் எல்லாம் சேர்த்து அறைவாரியாகப் போட்ட வெப்பச்சுமைக் கணக்கைத் தாளில் கேட்டு வாங்க வேண்டும். கணக்குத் தர மறுக்கும் ஒப்பந்ததாரரை அங்கேயே விட்டுவிடலாம். மொட்டை மாடிக்கு வெப்பத் தடுப்பு போட்டுவிட்டு அந்தக் கணக்கைக் கேட்டால் டன்னும் குறையும். டக்ட்டின் மேல் காற்றுப் புகாத நைட்ரைல் ரப்பர் உறை இருக்க வேண்டும். இல்லையென்றால் குளிர்ந்த தகரத்தில் ஈரம் படிந்து சொட்டும்.

பி.இ.இ. நட்சத்திர அட்டை அறை ஏ.சி.க்களில் கட்டாயம். டக்ட் வகையில் அது இல்லாமலும் இருக்கலாம். அதனால் முழுச் சுமையிலும் பாதிச் சுமையிலும் எந்திரம் இழுக்கும் மின்சாரத்தை எழுத்தில் பெறுவது அவசியம்.

இனி உப்பு. வெளி யூனிட்டின் காயில் செப்புக் குழாயும் அலுமினியத் தகடும் சேர்ந்தது. இரண்டுக்கும் நடுவே உப்பு ஈரம் படிந்தால் மின்வேதி அரிப்பு தொடங்கி அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். காயில் வெப்பத்தை வெளியேற்ற முடியாமல் கம்ப்ரஸர் திணறும், மின்கட்டணம் ஏறும், பிறகு கேஸ் கசியும். வல்லூர், அத்திப்பட்டு அனல்மின் நிலையங்கள் தெற்கே இருப்பதால் காற்றில் கந்தகமும் கலக்கிறது. அது அரிப்பை விரைவுபடுத்தும். நீல நிறத் தகடு என்று விற்பது பல நேரங்களில் நீர் வழிவதற்கான மெல்லிய பூச்சு மட்டுமே. கடலோரத்துக்கு வேண்டியது காயில் முழுவதையும் மூடும் எபாக்ஸி வகைப் பூச்சு, துருப்பிடிக்காத எஃகுத் திருகு, பூச்சு பூசிய சர்க்யூட் போர்டு. ஆய்வுக்கூட உப்புத்தெளிப்புச் சோதனையில் இத்தனை மணி நேரம் தாங்கியது என்பது இத்தனை வருடம் உழைக்கும் என்ற உறுதியல்ல.

வெளி யூனிட்டைக் கொண்டல் காற்று நேரே அடிக்காத, வீட்டின் மேற்கு அல்லது தென்மேற்கு மறைவில், வெள்ளம் எட்டாத உயரத்தில், புயலுக்கு அசையாதபடி போல்ட் போட்டு நிறுத்த வேண்டும். காற்றோட்டம் அடைபடாமல் நாற்புறமும் இடம் விட வேண்டும். காயிலை மாதந்தோறும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். நல்ல தண்ணீர் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. வீட்டு போரில் வரும் உவர்த் தண்ணீரால் கழுவினால் காற்று கொண்டுவந்ததற்கு மேல் உப்பைப் பூசியதாகும். லாரித் தண்ணீரோ சேமித்த மழைநீரோதான் வேண்டும்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் கொட்டேஷனில் இருக்க வேண்டியவை: மாடல் எண், டன், கேஸின் வகை, காயில் பூச்சின் பெயர், அதைப் பூசியது தொழிற்சாலையா உள்ளூர்ப் பட்டறையா என்பது, வாரண்டி காலம், உப்பரிப்பு வாரண்டிக்குள் அடங்குமா என்பது. பெரும்பாலான வாரண்டி அட்டைகள் அரிப்பை விலக்கியே அச்சிடப்படுகின்றன. விற்பனையாளர் வாயால் சொன்ன உறுதி அந்த அட்டையின் முன் நிற்காது. மீண்டும் சொல்ல வேண்டியது இதுவே: உப்பரிப்பு அடங்கும் என்ற வரி கையொப்பத்துடன் கையில் வரும்வரை ஒரு ரூபாயும் தரக் கூடாது. ஆர்-22 கேஸ் ஒழிப்புப் பட்டியலில் இருப்பதால் அந்தப் பழைய எந்திரத்தை மலிவு விலைக்கும் வாங்க வேண்டாம். ஆர்-32 இலேசாகத் தீப்பற்றும் தன்மையது; கசிவுச் சோதனை செய்ததற்கான சான்றும் தாளில் வேண்டும்.

அடுத்தது மின்வாரியம், இப்போதைய பெயரில் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம். மைய ஏ.சி. வந்தால் அனுமதித்த மின்சுமையைக் கூட்ட விண்ணப்பிக்க வேண்டும். இணையத்திலோ உள்ளூர்ப் பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரிடமோ மனு தரலாம். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பக் கூடாது. சுமையைச் சொல்லாமல் ஓட்டினால் மின்சாரச் சட்டம், 2003-இன் 126-ஆம் பிரிவின்கீழ் கட்டணத்தைப்போல் இரு மடங்கு மதிப்பீடு வரலாம். வீட்டு இணைப்பில் சுற்றுலாப் பயணிகளுக்கு அறை வாடகைக்கு விட்டாலும் இதே பிரிவு பாயலாம். மனுவுக்குக் காலவரையறையும் தாமதத்துக்கு இழப்பீடும் மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிகளில் இருக்கின்றன. கேட்பவர் இல்லாததால் அலுவலர்கள் கோப்பை உறங்க விடுகிறார்கள். மின்னகம் 94987 94987 எண்ணில் பதிந்து, அசையவில்லை என்றால் மின் பகிர்மான வட்டத்தின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்துக்கும், அடுத்து சென்னையிலுள்ள மின்குறை தீர்ப்பாளருக்கும் போகலாம். உப்பில் எர்த் கம்பியும் அரிக்கும் என்பதால் கசிவு மின்தடுப்பானும் ஆண்டுக்கொருமுறை எர்த் சோதனையும் உயிர்காக்கும் செலவு.

எந்திரம் பழுதாகி விற்றவர் கைவிரித்தால் நடைமுறை இதுதான். முதலில் புகாரை எழுத்தில் தெரிவித்து, பழுதைப் படம் எடுத்து, பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்ப வேண்டும். வந்த மெக்கானிக்கின் சர்வீஸ் தாளைத் தவறாமல் வாங்க வேண்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் சில வழக்குகளை அங்கேயே முடித்துவிடும். முடியாதபோது, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு செய்யலாம். நிறுவனம் எங்கிருந்தாலும் வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்தில் வழக்குத் தொடுக்க இந்தச் சட்டம் இடம் தருகிறது. கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை மாவட்ட ஆணையம் விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை; 10 லட்சம் வரை 200 ரூபாய்; 20 லட்சம் வரை 400 ரூபாய். வழக்கறிஞர் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம்.

இரண்டு எச்சரிக்கைகள். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனு போட வேண்டும். நாளை ஆள் அனுப்புகிறோம் என்ற பேச்சை நம்பிக் காத்திருந்தே பலர் இந்தக் கெடுவைத் தவறவிடுகிறார்கள். மற்றது, பில். வரியைத் தவிர்க்கப் பில் வேண்டாம் என்றவருக்கு ஆணையத்தில் காட்ட எதுவும் இருக்காது. வணிகத்துக்காக வாங்கியது என்று எதிர்த்தரப்பு வாதிடும் என்பதால் பில் வீட்டு முகவரிக்கே இருக்கட்டும்.

மனுவுடன் பில், வாரண்டி அட்டை, கொட்டேஷன், வெப்பச்சுமைக் கணக்கு, சர்வீஸ் தாள்கள், பதிவுத் தபால் ரசீது ஆகியவற்றின் நகல்களை இணைக்க வேண்டும். காயிலைப் பார்த்துச் சொல்ல முடியாத குறை என்றால் ஆய்வகத்துக்கு அனுப்பும்படி ஆணையத்தைக் கேட்கலாம். எதிர்த்தரப்பு பதில் தர 30 நாள், ஆணையம் நீட்டித்தால் மேலும் 15 நாள். சோதனை தேவைப்படாத வழக்கை 3 மாதத்திலும் தேவைப்படும் வழக்கை 5 மாதத்திலும் முடிக்கச் சட்டம் சொல்கிறது. நடைமுறையில் இழுக்கும், ஆனால் வாய்தாவுக்கு வராமல் இருந்துவிடக் கூடாது. தீர்ப்பில் குறை இருந்தால் 45 நாளுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். தீர்ப்பு வந்தும் நிறுவனம் பணம் தரவில்லை என்றால் அதே ஆணையத்தில் நிறைவேற்று மனு தரலாம். நுகர்வோர் சட்டத்தின் 72-ஆம் பிரிவின்கீழ் ஒரு மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையோ, 25,000 ரூபாய்க்குக் குறையாமல் ஒரு லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.