நூற்றுக்கு அதிபதி: சொல்லும் பொருளும்

ரோமப் படையின் பதவிப் பெயர்களுள் நம் சபையாருக்கு மிகவும் பழக்கமானது ‘நூற்றுக்கு அதிபதி’ என்பதாகும். எனினும் இத்தொடரின் இரு பகுதிகளையும் நாம் சற்று ஆராய வேண்டியிருக்கிறது.

முதலாவது, ‘நூறு’. மாற்கு ‘கெந்தூரியோன்’ என்னும் இலத்தீன் சொல்லையே கிரேக்க எழுத்தில் தருகிறார். மத்தேயுவும் லூக்காவும் அதனைக் கிரேக்கத்தில் மொழிபெயர்க்கின்றனர். இரண்டுக்கும் வேர் நூறு என்னும் எண்ணே. ஆயினும் கி.பி. முதல் நூற்றாண்டில் இவ்வதிகாரியின் கீழ் இருந்தோர் பொதுவாக 80 வீரரே. இத்தகைய ஆறு பிரிவுகள் ஒரு பட்டாளம். பத்துப் பட்டாளங்கள் ஒரு லேகியோன். எண் குறைந்தும் பெயர் நிலைத்தது.

இரண்டாவது, ‘அதிபதி’. இச்சொல் அரசனையோ பெருந்தலைவனையோ நினைவூட்டுகிறது. உண்மையில் இவ்வதிகாரிகளுள் பலர் சாதாரணப் போர்வீரராகச் சேர்ந்து படிப்படியாக உயர்ந்தவர்கள். அவர்களுக்கு மேல் சேனாபதிகள் இருந்தனர். கம்பம், கூடலூர், போடி முதலிய ஊர்களிலிருந்து விடியுமுன் ஜீப்பேறி ஏலத்தோட்டங்களுக்குச் செல்வோர் கங்காணியை அறிவர். அவர் தொழிலாளருக்குக் கட்டளையிடுகிறவர். தாமோ மானேஜருக்குக் கீழ்ப்பட்டவர். ‘அதிபதி’யைவிடக் கங்காணியே இப்பதவிக்கு அருகிலான உவமை.

இப்பதவியின் அடையாளம் திராட்சைத் தண்டினாலான கோல். இலத்தீனில் கொடிக்கும் கோலுக்கும் ‘வீத்திஸ்’ என்ற ஒரே பெயர். முற்றிய திராட்சைத் தண்டின் உறுதியைக் கம்பம் பள்ளத்தாக்கில் கவாத்து செய்வோருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. அக்கோலால் வீரர்கள் அடிக்கப்பட்டனர். கி.பி. 14-இல் பன்னோனியாவில் கலகம் செய்த வீரர்கள் லூசிலியு என்னும் அதிகாரியைக் கொன்றனர். ஒரு கோல் முதுகில் முறிந்ததும் வேறொன்று கேட்பது அவர் வழக்கமாதலால், ‘இன்னொன்று கொண்டுவா’ என்பதே வீரர்கள் அவருக்கு இட்ட பட்டப்பெயர் எனத் தாசித்து எழுதுகிறார்.

இப்பின்னணியில் மத்தேயு 8-ஐ வாசிப்போம். கப்பர்நகூமின் அதிகாரி ஏரோது அந்திப்பாவின் சேவகத்தில் இருந்தவராகவும் இருக்கலாம். அக்காலத்தில் கலிலேயாவில் ரோம லேகியோன் எதுவும் நிலைகொண்டிருக்கவில்லை. ஆயினும் பதவியின் இயல்பு ஒன்றே. அவர் தம் அதிகாரத்தைச் சொல்லுமுன், தாம் அதிகாரத்துக்குக் கீழ்ப்பட்டவர் என்பதை அறிக்கையிடுகிறார். ஊழியக்காரனின் திமிர்வாதத்தின் முன் கோலுக்கு வலிமை இல்லை. ஆகவே ஒரு வார்த்தையை மட்டும் கேட்கிறார்.

இப்பகுதியைப் பிரசங்கிக்கையில் உயர்ந்த பதவியினர் ஒருவரின் தாழ்மை என்று மட்டும் கூறி நாம் நிறுத்திவிடுகிறோம். மேலும் கீழும் மனிதரையுடைய ஒருவரின் விசுவாசம் இது. தினமும் பிறர் கட்டளையின்கீழ் உழைக்கும் சபையாருக்கு இது விளங்கும். சபையில் அதிகாரம் பெற்ற நாமோ, நம் கையில் இருப்பது கோலா வார்த்தையா என்று நம்மையே கேட்டுக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறோம்.