இறுகிப்போன குவியம்: பழைய ஃபிலிம் கேமராவை மீட்கும் முறை

ஃபிலிம் கேமராவில் லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தி, படம் எடுக்கப்படும் பொருளின் உருவத்தை ஃபிலிமின் மீது தெளிவாக விழச் செய்வதே குவியப்படுத்துதல் ஆகும். பேச்சு வழக்கில் இதனை ஃபோகஸ் என்பர். இந்த நகர்வு மிகச் சிறியது. 75 மில்லிமீட்டர் குவியத்தூரம் கொண்ட லென்ஸ், தொலைதூரக் காட்சியிலிருந்து ஒரு மீட்டர் தொலைவில் நிற்பவரின் முகத்துக்கு மாறுவதற்கு ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் முன்னே வந்தால் போதும். அந்த ஆறு மில்லிமீட்டரைப் பிசகாமல் அளந்து தருவன, உலோகத்தில் நுணுக்கமாகக் கடையப்பட்ட மரையும் அம்மரையில் தடவப்பட்ட கிரீஸுமே.

கிரீஸ் என்பது எண்ணெயைச் சோப்பு போன்ற ஒரு பொருளோடு கலந்து கெட்டியாக்கிய மசகு. பல பத்தாண்டுகள் கழியும்போது அதிலுள்ள எண்ணெய் காற்றுப்பட்டுப் பிசினாகிறது, அல்லது வெப்பத்தால் பிரிந்து கசிந்துவிடுகிறது. எஞ்சிய பகுதி மரையின் இடுக்குகளில் பசைபோல் இறுகிக்கொள்கிறது. கடலூர், சிதம்பரம் போன்ற கடலோர வட்டாரங்களில், கோடை வெயிலும் ஈரக்காற்றும் மாறிமாறித் தாக்க, தோலுறையோடு பீரோவுக்குள் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் கேமராவுக்கு இந்த இறுக்கத்தோடு லென்ஸில் பூஞ்சையும் சேர்ந்துவிடுகிறது.

இக்கோளாறுக்குப் பெயர்போனது, ஜெர்மனியின் மியூனிக் நகரில் அக்ஃபா நிறுவனம் தயாரித்த ஐசோலெட் வரிசை. 120 ஃபிலிமில் 12 சதுரப் படங்கள் எடுக்கும் இந்த மடிப்புக் கேமராவில் முழு லென்ஸும் நகர்வதில்லை. முன்கண்ணாடி மட்டுமே மரைவழியே சுழன்று நகர்கிறது. அதில் இடப்பட்ட பச்சை நிறக் கிரீஸ்தான் இன்று கல்லாக இறுகிக் கிடக்கிறது. இந்தியாவில் அக்ஃபாவின் பெயரைப் பரவலாக்கிய, பரோடாவில் தயாரான கிளிக் III கேமராவிலோ குவியத்தை மாற்றும் ஏற்பாடே இல்லாததால், அதற்கு இத்தொல்லை நேர்வதில்லை.

வளையம் அசையாதபோது வலுவாகத் திருகுவது பெருந்தவறு. முன்கண்ணாடியின் கூடு அதன் பின்னுள்ள நடுக்கண்ணாடியின் கூட்டில் மரையால் பொருந்தியிருக்கிறது. அந்த நடுக்கூடோ ஷட்டரில் மற்றொரு மரையால் பொருந்தியிருக்கிறது. முன்மரை இறுகிய நிலையில் பலத்தைச் செலுத்தினால், பின்மரை கழன்று இரு கூடுகளும் சேர்ந்தே சுழலும். குவியம் சரியாகிவிட்டதென்று உரிமையாளர் மகிழ்ந்திருக்க, எடுக்கும் படமெல்லாம் மங்கலாகவே அமையும். தையல் மிஷின் எண்ணெயை விடுவதும் தீங்கே. நீர்த்த எண்ணெய் மெல்லப் பரவி ஷட்டர் தகடுகளில் படிந்து அவற்றையும் ஒட்டவைத்துவிடும்.

முறையான பழுதுபார்ப்பு, வளையத்தின் விளிம்பிலுள்ள மிகச் சிறிய மூன்று திருகுகளைத் தளர்த்தி, அளவுகள் பொறித்த வளையத்தைக் கழற்றுவதில் தொடங்குகிறது. பிறகு கூடுகளின் இருப்பைக் கூரிய ஊசியால் கீறிக் குறித்துக்கொண்டு, இரண்டையும் சேர்த்தே ஷட்டரிலிருந்து கழற்றி, சிகரெட் லைட்டருக்கு ஊற்றும் திரவத்தையோ ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலையோ மரையின் விளிம்பில் சொட்டுச்சொட்டாக இட்டு ஊறவிட வேண்டும். இவை எளிதில் தீப்பற்றக்கூடியவை ஆதலால் காற்றோட்டமான இடத்தில், அடுப்புக்கும் விளக்குக்கும் எட்டத்தில்தான் வேலை நடக்க வேண்டும். ஒருநாளில் இளகாவிட்டால் மறுநாளும் ஊறவைக்கலாமே தவிர, குறடால் நெரிக்கலாகாது. மென்மையான பித்தளைக் கூடு வளைந்துவிட்டால் பிறகு எந்தத் திரவமும் உதவாது.

கூடுகள் பிரியும் தருணமே மிகுந்த கவனம் வேண்டுவது. மரை பல இடங்களில் தொடங்கும் வகையாக இருப்பின், பிரிந்த இடத்தைக் குறிக்காமல் விட்டால் வேறொரு தொடக்கத்தில் பொருந்தி, அளவு முழுவதும் பிசகும். ஆகவே எத்தனை சுற்றில், எந்தக் கீறலுக்கு நேராகப் பிரிந்தது என்பதைத் தாளில் எழுதிக்கொண்டு, பழைய கிரீஸைப் பஞ்சால் முழுவதும் துடைத்தெடுத்து, புதிய கிரீஸை மிக மெல்லிய படலமாகத் தடவிப் பூட்ட வேண்டும்.

இறுதியாகத் தொலைதூரக் குவியம் சரிபார்க்கப்படுகிறது. ஃபிலிம் அமரும் தளத்தில் மங்கல் கண்ணாடியையோ இழுத்து ஒட்டிய டிரேசிங் பேப்பரையோ பொருத்தி, ஷட்டரைத் திறந்து வைத்து, ஒளிபுகும் துளையை முழுமையாக விரித்து, தொலைவிலுள்ள ஒரு பொருளை நோக்க வேண்டும். சிதம்பரத்தில் இதற்குக் கோயில் கோபுரத்தை விடச் சிறந்த இலக்கு இல்லை. சுமார் 40 மீட்டர் உயரமுள்ள கோபுரம், அரை கிலோமீட்டர் தொலைவிலிருந்து 85 மில்லிமீட்டர் லென்ஸ்வழியே ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் உயரத்தில் தலைகீழாக விழும். உருப்பெருக்கியால் பார்க்கும்போது அதன் ஏழு நிலைகளும் கலசங்களும் தனித்தனியே தெளியும்வரை முன்கூட்டைத் திருப்பி, அந்நிலையில் வளையத்தின் முடிவிலிக் குறியை நேராக வைத்துத் திருகுகளை முடுக்கினால் பணி நிறைவடைகிறது.

1880 முதல் 1980 வரையிலான தமிழ் ஸ்டுடியோப் படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டத்தின் துணையோடு டிஜிட்டல் வடிவில் காத்துள்ளது. அத்தகைய படங்களை எடுத்த கருவிகளும் அதே அக்கறைக்கு உரியவை. 120 ஃபிலிம் இன்றும் உற்பத்தியாவதால், மீட்கப்பட்ட கேமரா காட்சிப்பொருளாக நின்றுவிடாமல் படமும் எடுக்கும். எனவே பழுதுபார்ப்பவர் குறித்துக்கொண்ட சுற்றுக்கணக்கையும் கீறல் நிலையையும் ஒரு தாளில் எழுதிக் கேமராவின் உறையிலேயே வைத்துவிடுவது நல்லது. புதிதாகத் தடவிய கிரீஸும் ஒருநாள் இறுகும், அன்று அதனைத் திறப்பவருக்கு அத்தாளே வழிகாட்டும்.