வாசல் கம்பத்துக்கு உங்களைத் தெரியாது

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில், கம்பத்தின் உச்சியில் சதுரமான வெள்ளைப் பலகை ஒன்றைச் சாய்த்து மாட்டியிருக்கிறார்கள். கார் ஐந்தாறு மீட்டர் தள்ளி வரும்போதே பூம் பேரியர் தானாக எழுந்துவிடும். கண்ணாடியை இறக்க வேண்டாம், அட்டையைத் தேட வேண்டாம். மழை நாளில் அது பெரிய நிம்மதி.

போன வருடம் பழைய காரை விற்றேன். ஃபாஸ்டேக் கணக்கை வங்கியில் முறைப்படி மூடினேன். கண்ணாடியில் இருந்த ஸ்டிக்கரை மட்டும் கிழிக்கவில்லை. வாங்கியவர் அதன் பக்கத்தில் புது டேக் ஒட்டிக்கொண்டார். மூன்று மாதம் கழித்து ஒரு கையெழுத்துக்காக அவர் எங்கள் வீட்டுக்கு வந்தபோது பேரியர் அவருக்கும் எழுந்தது. செக்யூரிட்டி நாற்காலியை விட்டு எழவே இல்லை. வந்தவர் நல்ல மனிதர். வேறு யாரிடமாவது அந்த கார் கைமாறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்று இரவு தூக்கம் வரவில்லை.

நடந்தது இதுதான். அந்த வெள்ளைப் பலகை ஓர் ஆன்டெனா. அது 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகளை வீசுகிறது. டேக்கில் பேட்டரி கிடையாது. அந்த அலையிலிருந்தே சக்தியை எடுத்துக்கொண்டு, தன் எண்ணை எதிரொலி போலத் திருப்பி அனுப்பும். ஃபாஸ்டேக்கும் இதே அலைவரிசையில் வேலை செய்வதால், தனி ஸ்டிக்கர் வாங்காமல் எல்லோருடைய ஃபாஸ்டேக் எண்ணையும் பட்டியலில் ஏற்றிவிட்டது எங்கள் சங்கம். வங்கியில் கணக்கை மூடினால் பணம் போவது நிற்கும். ஸ்டிக்கர் எண் சொல்வது நிற்காது. எங்கள் வாசல் பட்டியலிலும் யாரும் அதை அடிக்கவில்லை.

அலுவலகங்களில் தேய்க்கும் அட்டையை நாமே எடுத்து ரீடர் அருகில் நீட்டுகிறோம். தொலைதூர ஆன்டெனா அப்படி எதையும் எதிர்பார்க்காது. நாம் கடந்துபோனாலே போதும், படித்துவிடும். வண்டியை ஓட்டுவது யார் என்று அதற்குத் தெரியாது, நாம் சம்மதித்தோமா என்பதும் தெரியாது. இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்ற ஆபத்துகள் தாமாகவே புரியும்.

முதலில் ஒரு வீண் பயத்தைக் கழித்துவிடலாம். கார் கண்ணாடியைத் துடைக்கும் சிறுவன் கைக்கடிகாரத்தால் ஃபாஸ்டேக்கை ஸ்கேன் செய்து பணம் திருடுவதாக 2022இல் ஒரு வீடியோ பரவியது. அது பொய். டேக்கில் பணம் இல்லை, எண்தான் இருக்கிறது. பதிவு பெற்ற சுங்கச்சாவடி, வாகன நிறுத்துமிடம் போன்ற இடங்களிலிருந்து வங்கி வழியாகப் போகும் கோரிக்கைக்குத்தான் கணக்கிலிருந்து பணம் கழியும். தேசிய கொடுப்பனவுக் கழகமும் அப்போதே இதை விளக்கியது. குடியிருப்பு வாசலில் உங்கள் டேக்கைப் படிப்பதால் ஒரு ரூபாயும் குறையாது.

உண்மையான ஆபத்து இரண்டு. ஒன்று, போலி. டேக்கின் எண் ஒரு பெயரைப் போன்றது. பெயரைச் சொன்னவர்தான் அந்தப் பெயருக்கு உரியவரா என்று மலிவான ரீடர்கள் சரிபார்ப்பதில்லை. சரிபார்க்கும் மறைகுறியீட்டு வசதி இவ்வகை டேக்குகளுக்கு 2013இல் வந்த திருத்தப்பட்ட தரநிலையிலேயே இருக்கிறது, ஆனால் அதற்கேற்ற டேக்கும் ரீடரும் வேண்டும். கொஞ்சம் விவரம் தெரிந்தவர் ஒரு ரீடரை வைத்து உங்கள் எண்ணைப் படித்து, அதையே சொல்லும் இன்னொரு டேக்கைத் தயாரிக்கலாம். ஆன்டெனாவிலிருந்து கட்டுப்பாட்டுப் பெட்டிக்குப் போகும் கம்பியிலும் பல இடங்களில் பழைய வீகாண்ட் முறைதான். அதில் எண் மறைக்கப்படாமலே போகும். கம்பி வாசலுக்கு வெளியே தொங்கினால் அங்கேயே ஒட்டுக்கேட்கலாம். ஆகவே பேரியர் எழுந்தாலும் வண்டி எண்ணையும் முகத்தையும் பார்க்க ஓர் ஆள் வேண்டும். கருவி வாங்கிவிட்டோம் என்று காவலாளியைக் குறைக்கும் சங்கங்கள் பாதுகாப்பைக் கூட்டவில்லை.

இன்னொரு ஆபத்து, பதிவேடு. இதைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள், எந்த இரவு வீடு திரும்பவில்லை, ஊருக்குப் போய் எத்தனை நாள் வீடு பூட்டியிருந்தது, எல்லாம் ஒரு கணினியில் வரிவரியாக ஏறுகிறது. அதை யார் பார்க்கிறார்கள்? எத்தனை நாள் வைத்திருக்கிறார்கள்? கருவி மாட்டிய ஒப்பந்தக்காரரின் சர்வரில் இருக்கிறதா? எங்கள் பொதுக்குழுவில் இந்த மூன்று கேள்விகளையும் கேட்டபோது செயலாளர் சார் உட்பட யாருக்கும் பதில் தெரியவில்லை. ஃபாஸ்டேக்கையே வாசலுக்கும் பயன்படுத்தினால் சிக்கல் இன்னும் கூடும். வீடு, அலுவலகம், மால் என எங்கே படித்தாலும் அதே எண். பட்டியல்களைச் சேர்த்துப் பார்ப்பவருக்கு உங்கள் நாள் முழுவதும் தெரிந்துவிடும். சிறிய செலவு பார்க்காமல் வாசலுக்குத் தனி ஸ்டிக்கர் வாங்குங்கள் என்றே எங்கள் சங்கத்திடம் சொன்னேன், உங்களிடமும் அதையே சொல்வேன்.

கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பின் வந்த 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் திரட்டுபவர் எதற்காகத் திரட்டுகிறார் என்று சொல்ல வேண்டும், நோக்கம் முடிந்ததும் அழிக்க வேண்டும் என்கிறது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியமான கடமைகள் 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வருகின்றன. அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. பதிவுகளை முப்பது நாளுக்கு மேல் வைக்கக் கூடாது, இன்னின்னார் மட்டுமே பார்க்கலாம், வீட்டை விற்றவர், காலி செய்தவர், வண்டி மாற்றியவர் ஆகியோரின் எண் அன்றே நீங்க வேண்டும் என்று பொதுக்குழுவில் தீர்மானம் போடலாம். ஒப்பந்தத்திலும் இதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கும் டிரைவருக்கும் அட்டை கொடுத்தால், அவர்கள் வந்துபோகும் நேரமும் பதிவாகிறது என்று அவர்களிடமும் சொல்ல வேண்டும்.

இந்தப் பதிவேடே உதவிக்கு வரும் இடமும் உண்டு. கார் வீட்டில் நிற்கும்போது எங்கோ ஒரு டோல்கேட்டில் பணம் கழிந்ததாகக் குறுஞ்செய்தி வந்தால், டேக் கொடுத்த வங்கியிடம் உடனே எழுத்தில் புகார் கொடுங்கள். அன்று வண்டி வாசலைத் தாண்டவில்லை என்ற பதிவை இணைத்தால் வலுவான சான்று. தேசிய நெடுஞ்சாலைச் சாவடி என்றால் 1033க்கும் அழைக்கலாம். வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் திருப்தி இல்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் இல்லை. விவரம் கேட்க 14448. பலருக்குத் தெரியாத இன்னொன்று: டேக் செல்லுபடியாக இருந்து, போதிய பணமும் இருந்து, சாவடியின் கருவிதான் பழுது என்றால் கட்டணம் இல்லாமலே உங்களை விட வேண்டும், பூஜ்ஜிய ரசீதும் தர வேண்டும். 2018 மே மாதத்தில் திருத்தப்பட்ட நெடுஞ்சாலைக் கட்டண விதி அப்படித்தான் சொல்கிறது.

கட்டடத்தின் உள்கதவுகளுக்கும் ரீடர் வைத்திருந்தால் ஒன்றை மட்டும் நேரில் சோதித்துப் பாருங்கள். மின்சாரம் போனாலோ தீ எச்சரிக்கை ஒலித்தாலோ படிக்கட்டுக் கதவின் காந்தப் பூட்டு தானே விட்டுக்கொடுக்க வேண்டும், உள்ளிருப்பவர் அட்டை இல்லாமல் வெளியேற முடிய வேண்டும். எங்கள் பி பிளாக்கில் மெயின் சுவிட்சை அணைத்துப் பார்த்தோம். மூன்றாம் மாடிக் கதவு திறக்கவில்லை. மறுநாளே எலக்ட்ரீஷியனை வரவழைத்து அந்தப் பூட்டைக் கழற்றச் சொன்னோம்.