நிற்கக் கிடைக்கும் தூரம்

தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்த ஒரு தலைமுறைக்கு பிளஸ் ஒன்னில் சைக்கிள் வந்தது, பிளஸ் டூவில் லேப்டாப் வந்தது. சைக்கிள் திட்டம் 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கென்று தொடங்கிப் பிறகு எல்லாருக்குமாக விரிந்தது. லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில் தொடங்கியது. காகிதத்தில் இரண்டும் தனித்தனித் திட்டங்கள். ஊருக்குள் வந்தபோது ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டது.

பழனிசெட்டிபட்டியிலிருந்து தேனிக்குள் நுழையும் கம்பம் சாலையில் சைக்கிளில் லேப்டாப் கொண்டுபோக மூன்று வழி உண்டு. பின் கேரியரில் கிளிப்புக்கு அடியில் வைத்து ரப்பர் கயிற்றால் இறுக்கலாம். முன்கூடையில் செங்குத்தாக நிறுத்தலாம். முதுகுப்பையில் மாட்டிக்கொள்ளலாம். எது நல்லது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். இயற்பியலிடம் கேட்டால் ஒரே ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்கும்: அடி விழும்போது லேப்டாப் நிற்பதற்கு எவ்வளவு தூரம் கிடைக்கிறது?

இது பிளஸ் ஒன் பாடத்தில் வரும் இயக்கச் சமன்பாடுதான். ஒரு பொருள் விழுந்த உயரத்தை, அது தரையில் பட்டபின் முழுதாக நிற்க எடுத்துக்கொண்ட தூரத்தால் வகுத்தால், அடியின் சராசரி வலிமை கிடைத்துவிடும். புவியீர்ப்பு முடுக்கத்தை 1 ஜி என்று வைத்துக்கொண்டால், விடை எத்தனை ஜி என்று வரும். முக்கால் மீட்டர் உயர மேசையிலிருந்து லேப்டாப் மொசைக் தரையில் விழுகிறது, ஒரு மில்லிமீட்டருக்குள் நின்றுவிடுகிறது என்று கொள்வோம். 750ஐ ஒன்றால் வகுத்தால் 750 ஜி. அதே லேப்டாப் ஒரு சென்டிமீட்டர் அமுங்கக்கூடிய ஸ்பாஞ்சின் மேல் விழுந்தால் 75 ஜி. உயரம் மாறவில்லை, எடை மாறவில்லை. ஒன்பது மில்லிமீட்டர் கூடுதலாகக் கிடைத்ததில் அடி பத்தில் ஒரு பங்காகிவிட்டது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு வியப்பு குறைவதில்லை.

இதே கணக்கைச் சாலையில் போடுவோம். சக்கரம் மூன்று சென்டிமீட்டர் பள்ளத்தில் இறங்குகிறது. டயர் ஒரு சென்டிமீட்டர் அமுங்கிக் கொடுத்தால் அடி 3 ஜி. ரிம்மும் இரும்புமாக ஒரு மில்லிமீட்டரில் நின்றால் 30 ஜி. 1888இல் பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் பாய்டு டன்லப் என்ற கால்நடை மருத்துவர் தன் மகனின் மூன்றுசக்கர சைக்கிளுக்குக் காற்றடைத்த டியூபைப் பொருத்தினாரே, அவர் அந்தச் சிறுவனுக்குக் கொடுத்தது இந்த ஒரு சென்டிமீட்டரைத்தான். டயரில் காற்று இறங்கிப்போன சைக்கிளில் லேப்டாப் கொண்டுபோகிறவர் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். ரிம் நேராகப் பள்ளத்தின் விளிம்பில் இடிக்கும்.

இந்த அடியை லேப்டாப் தாங்குமா? பழைய லேப்டாப்பில் மிக மென்மையான உறுப்பு ஹார்டு டிஸ்க். அதனுள் இருக்கும் வட்டத் தட்டு பொதுவாக நிமிடத்துக்கு 5400 சுற்று, அதாவது வினாடிக்கு 90 சுற்று சுற்றுகிறது. அதன் விளிம்பு மணிக்கு 66 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. கம்பம் சாலையில் டவுன் பஸ்கூட அவ்வளவு வேகம் போகாது. அந்தத் தட்டின் மேல் தகவலைப் படிக்கும் முனை, தட்டைத் தொடாமல், சில நானோமீட்டர் உயரத்தில் காற்றுப் படலத்தில் மிதக்கிறது. தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70,000 நானோமீட்டர். ஓடும்போது முனை தட்டில் உரசினால் அந்த இடத்துத் தகவல் போயிற்று.

ஆனால் லேப்டாப்பை அணைத்தவுடன் முனை தட்டை விட்டு விலகி, ஓரத்திலுள்ள ஒரு சிறு சரிவில் ஏறி அமர்ந்துகொள்ளும். அதனால்தான் இவ்வகை டிஸ்க்குகள் ஓடும்போது சுமார் 350 ஜி வரை தாங்கும் என்றும், அணைந்திருக்கும்போது 1000 ஜி வரை தாங்கும் என்றும் தயாரிப்பாளர்கள் குறிப்பிட்டார்கள். ஒன்றிரண்டு மில்லி வினாடியே நீடிக்கும் அடிக்கான கணக்கு இது. பள்ளத்தின் 30 ஜி அதற்குப் பக்கத்தில்கூட வராது. ஆனால் மேசையிலிருந்து விழும் 750 ஜி இந்த இரண்டு வரம்புக்கும் நடுவில் வருகிறது. ஆக, பையில் வைக்கும் முன் மூடினால் போதாது, அணைக்க வேண்டும். மூடி மட்டும் வைத்த லேப்டாப் சில நேரம் பைக்குள் தானே விழித்துக்கொள்ளும். காற்றோட்டமில்லாமல் சூடேறி பேட்டரியின் ஆயுளையும் குறைக்கும்.

அப்படியானால் கேரியரிலேயே வைத்துவிடலாமே என்றால், கூடாது. ஒரு பெரிய அடி செய்யாததை ஓயாத சிறு அதிர்வு செய்துவிடும். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போகும் சைக்கிள் வினாடிக்கு நாலு மீட்டருக்குச் சற்று அதிகமாகக் கடக்கிறது. ஜல்லி பெயர்ந்த சாலையில் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கல் துருத்திக்கொண்டிருந்தால் வினாடிக்கு நாற்பதுக்கு மேல் குலுக்கல். கேரியர் அச்சோடு இரும்புக் கம்பியால் நேராகப் பூட்டப்பட்டது. சக்கரத்துக்குக் கிடைப்பது அப்படியே லேப்டாப்புக்கும் கிடைக்கும். திருகுகள் மெல்லத் தளரும். ரேம் மெமரி செருகிய இடத்தில் உலோகத் தொடுமுனைகள் ஒன்றையொன்று உரசித் தேய்ந்து, அங்கே நுண்ணிய ஆக்சைடு படியும். பிறகு ஒருநாள் காரணமே தெரியாமல் திரை வராது. எஸ்எஸ்டி வந்தபின் சுற்றும் தட்டு என்ற கவலை போய்விட்டது, இந்தத் தேய்மானக் கவலை போகவில்லை.

முதுகில் மாட்டினால் கதையே வேறு. சக்கரத்துக்கும் பைக்கும் நடுவே இப்போது ஓர் உடம்பு இருக்கிறது. சீட்டின் ஸ்பிரிங், இடுப்பு, முதுகெலும்பின் வளைவு, மடங்கிய முழங்கை எல்லாம் சேர்ந்து ஒரு நல்ல அதிர்வு வடிகட்டி. உட்கார்ந்திருக்கும் மனித உடல் மேலும் கீழுமாக ஆடும் இயல்பு அதிர்வெண் வினாடிக்கு ஐந்தை ஒட்டியது. எந்த வடிகட்டியும் தன் இயல்பு அதிர்வெண்ணைப்போல் சுமார் ஒன்றரை மடங்குக்கு மேலே வரும் அதிர்வுகளைக் குறைக்கத் தொடங்கும். மேலே போகப் போக இன்னும் நன்றாகக் குறைக்கும். வினாடிக்கு நாற்பது முறை வரும் ஜல்லிக் குலுக்கல் தோளுக்கு வருவதற்குள் பெரும்பாலும் கரைந்துவிடும்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. சாலை ஏறக்குறைய 80 சென்டிமீட்டருக்கு ஒருமுறை அலையலையாய் மேடுபட்டிருந்தால், அதே வேகத்தில் குலுக்கல் வினாடிக்கு ஐந்து. உடம்பின் சொந்த ஆட்டத்தோடு அது ஒத்துப்போய், குறைவதற்குப் பதில் கூடும். அந்த இடத்தில் வேகத்தை மாற்றினால் ஆட்டம் அடங்கும். அதைவிட நல்லது, சீட்டிலிருந்து சற்றே எழும்பி, பெடலில் நின்று கடப்பது. வேகத்தடை வரும்போது அனுபவசாலிகள் தம்மையறியாமல் செய்வது இதுதான். முழங்கால் பத்து சென்டிமீட்டர் மடங்கிக் கொடுக்கும். டயர் தந்ததைப்போல் பத்து மடங்கு தூரம், ஒரு பைசா செலவில்லாமல்.

முன்கூடை எனக்குப் பிடிக்காத இடம். ஹேண்டிலோடு சேர்ந்து பாரமும் திரும்புவதால், இரண்டு கிலோ அதிகமில்லை என்றாலும் திருப்பம் தடுமாறும். கூடையின் கம்பி நேராக லேப்டாப்பின் விளிம்பைக் குத்தும்.

முதுகுப்பைக்கு நாம் கொடுக்கும் விலை வியர்வை. மிதிக்கும்போது உடம்பு செலவிடும் ஆற்றலில் கால்வாசிதான் பெடலுக்குப் போகிறது, மிச்சம் வெப்பம். ஒரு கிராம் வியர்வை ஆவியானால் சுமார் 2400 ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். பை மூடிய முதுகில் அது ஆவியாக வழியில்லை, சட்டையில் ஊறும். வியர்வை உப்புநீர், மின்சாரம் கடத்தும். லேப்டாப்பை ஒரு பாலிதீன் உறையில் போட்டு வைத்தால் வியர்வைக்கும் ஐப்பசி மழைக்கும் சேர்த்து ஒரே பாதுகாப்பு.

பையை அடுக்கும் விதமும் முக்கியம். திரையின் கண்ணாடி அரை மில்லிமீட்டர் அளவே கனமுள்ளது. சார்ஜரின் கட்டியான பகுதி மூடியின் பக்கம் இருந்தால், ஒவ்வொரு குலுக்கலிலும் அது ஒரே புள்ளியில் அழுத்தும். சார்ஜருக்குத் தனி அறை வேண்டும், அல்லது குறைந்தபட்சம் நடுவில் ஒரு கெட்டி நோட்டு.

உண்மையான ஆபத்து ஓட்டும்போது இருப்பதைவிட நிறுத்தும்போது அதிகம் என்பேன். தென்மேற்குப் பருவக்காற்று மலையிடைவெளி வழியே கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கி வீசும் மாதங்களைத் தேனிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்த மாவட்டத்தில் காற்றாலைகள் நிற்பதே அந்தக் காற்றை நம்பித்தான். ஆடி மாதத்தில் சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கும் சைக்கிளை ஒரே வீச்சில் தள்ளிவிடும். கேரியரின் உயரம் ஏறக்குறைய மேசை உயரம். கீழே சிமெண்டுத் தரை. ஹேண்டிலோ பெடலோ முதலில் பட்டுக் கொஞ்சம் தாங்கினால் உண்டு, இல்லையென்றால் மேலே போட்ட 750 ஜி கணக்குதான். மேசை உயரத்திலிருந்து நேராக விழுந்தால், விழுந்து முடிய 0.4 வினாடிகூட ஆகாது. 2003இல் ஐபிஎம் தன் திங்க்பேட் லேப்டாப்புகளில், விழத் தொடங்குவதை உணர்ந்து அந்தச் சிறு அவகாசத்துக்குள் டிஸ்க்கின் முனையை ஒதுக்கிவிடும் உணரியை வைத்தது. நாம் செய்யக்கூடியது எளிது: டீ குடிக்க இறங்கினாலும் பையை முதுகோடு எடுத்துக்கொண்டு போவது.

இதை யாரும் சோதித்துப் பார்க்கலாம், கருவி ஏற்கெனவே கையில் இருக்கிறது. ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகத்தில் உருவான ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலி, செல்போனுக்குள் இருக்கும் முடுக்கமானி காட்டும் அளவை வரைபடமாகத் தரும். கம்பம் சாலையோ வேறெதுவோ, உங்களுக்குப் பழகிய ஒரு துண்டுச் சாலையை ஒரே வேகத்தில் இருமுறை கடந்து பாருங்கள். முதல்முறை போன் கேரியரில், இரண்டாம் முறை முதுகுப்பையில். கேரியரில் கோடு நெருக்கமான முட்களாய் எகிறும், முதுகில் அதே சாலை அகலமான மெல்லிய அலைகளாய் வரும். போனைப் பழைய துணியில் சுற்றி, அசையாதபடி இறுக்கிக் கட்டுங்கள். தளர்வாக இருந்தால் வரைபடத்தில் சாலைக்குப் பதிலாக போனின் சொந்தத் துள்ளல்தான் பதிவாகும்.